ஒரு டன் பாசிக்கு ஒரு சிலிண்டர்: கடற்பாசி எரிபொருள் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் தானாக வளரும் கடற்பாசியை எடுத்து எரிபொருள் தயாரிக்கலாம் என்று நீங்கள் தயாரித்த அறிக்கை சுற்றிச் சுற்றி எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. திட்டம் என்ன, எதற்கு என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் கடைசிப் பக்கங்களைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. 'உள்ளூர் மக்களின் ஒப்புதல்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எங்கள் ஊர்ப் பெண்களின் கையெழுத்தையும் கைநாட்டையும் வரிசையாக இணைத்திருக்கிறீர்கள். அந்தத் தாள் எங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. சமூகக்கூடத்தில் நீங்கள் கூட்டம் போட்ட அன்று, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த மேசையில் இருந்த வருகைப்பதிவு அது. என் அம்மாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எலுமிச்சம் சாதத்துக்குப் போட்ட கையெழுத்து எந்த இடத்தில் கடலுக்குச் சம்மதம் கொடுத்த கையெழுத்தாக மாறியது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தானாக வளரும் பாசியை இந்த எரிபொருள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கையெழுத்துகளையும் அறிக்கையிலிருந்து நீக்குங்கள்.

அன்றைக்கு நீங்கள் திரையில் காட்டிய படங்கள் அழகாக இருந்தன. கரை முழுக்க இடுப்பளவுக்குப் பாசி குவிந்து கிடக்கிறது, பெரிய இயந்திரம் வந்து மண் அள்ளுவதுபோல அள்ளுகிறது. அது மெக்சிகோவின் கரீபியன் கடற்கரை. 2011-லிருந்து அட்லாண்டிக் பெருங்கடலில் மிதந்து பெருகும் சர்காசம் பாசி அங்கே ஒதுங்கி, அழுகி, நாற்றமடித்து, சுற்றுலாவையே கெடுக்கிறது. அவர்களுக்கு அது தொல்லை. யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருக்கிறார்கள். எங்கள் பாசி அப்படி மிதந்து வருவது இல்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகளைச் சுற்றி, பவளப்பாறையிலும் செத்த பவளக் கல்லிலும் ஒட்டி வளர்வது. அதில் ஒரு வகையான மரிக்கொழுந்துப் பாசி விரல் நீளம்கூட இருக்காது. இந்தப் படத்தைக் காட்டிவிட்டு உங்களோடு வந்த தம்பி, "ஒரு நாளைக்கு எத்தனை டன் எடுப்பீங்க?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "டன்னுன்னா எத்தன மூடை சார்?" என்று திருப்பிக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் பாட்டி கேட்ட அந்தக் கேள்விக்கு அறிக்கையில் எங்கேயும் பதில் இல்லை. அதனால் இங்கே நான் சொல்கிறேன்.

பாசி எடுக்கப் போகிற பெண், விடியுமுன்னே வீட்டு வேலையை முடித்துவிட்டு வள்ளத்தில் ஏறுகிறாள். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் சட்டை. காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பழைய துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறாள். கையுறை போட்டால் பிடி நழுவுகிறது, துணிதான் தோது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கல்லில் எங்கே பாசி இருக்கிறது என்று கையால் தடவி, அடியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் பிய்க்கிறாள். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி. பையில் போட்டுவிட்டு மறுபடியும் உள்ளே. துணிச் சுற்று ஒரு மணி நேரத்தில் கிழிந்துவிடும். அதன் பிறகு கல் நேராக விரலைக் கிழிக்கும், உப்புத் தண்ணீர் அதன் மேலேயே படும். சொறி மீன் (ஜெல்லிமீன்) பட்டால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும். அஞ்சாறு மணி நேரம் தண்ணீருக்குள்ளே இருக்கிறவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வள்ளத்தில் இருக்கும். மற்றதற்கு எங்கே போவது என்று உங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் கேள்வி இல்லை. வயிற்றிலும் சிறுநீரிலும் வருகிற தொந்தரவுக்கு மருத்துவமனைக்குப் போனால், "தண்ணி நிறையக் குடிங்க" என்கிறார்கள்.

என் அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ரேகை கிடையாது. ஆதார் எடுத்தபோதும் பிரச்சினை, ரேஷன் கடையில் இயந்திரத்தில் விரல் வைக்கும்போதும் பிரச்சினை. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எது படிகிறதோ அதில் அரிசி வாங்குகிறோம். உங்கள் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்களின் ரேகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல இடங்களில் வெறும் மை அப்பியிருக்கும்.

இப்படி முழு நாளும் தண்ணீரில் கிடந்தால், நல்ல நாளில் ஒரு பெண்ணுக்கு முப்பது, நாற்பது கிலோ ஈரப்பாசி கிடைக்கும். காற்று சரியில்லை என்றால் அதில் பாதி. பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: ஒரு டன் என்பது முப்பது பெண்களின் ஒரு நாள்.

அந்த ஒரு டன்னில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது? நான் வேதியியல் படித்தவள், பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இது அவர்களுக்குக் கொடுக்கிற கணக்கைவிடக் கடினமில்லை. ஈரப்பாசியில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு பங்கு தண்ணீர். ஒரு டன்னில் 850 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 150 கிலோ. அதிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு உப்பும் சாம்பலும். எரிவாயுவாக மாறக்கூடியது நூறு கிலோ. அதைச் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒரு கலனில் போட்டுப் புளிக்க வைத்தால், பாசியின் வகையைப் பொறுத்து 10 முதல் 20 கன மீட்டர் மீத்தேன் வரும். வீட்டில் வாங்குகிற 14.2 கிலோ சிலிண்டரோடு ஒப்பிட்டால், குறைந்தது அரைச் சிலிண்டர், எல்லாம் நன்றாக நடந்தால் ஒரு சிலிண்டர்.

முப்பது பெண்கள் ஒரு நாள் முழுக்க மூழ்கி எழுந்தால் ஒரு சிலிண்டர். அதிலும் வள்ளத்துக்கு ஊற்றிய டீசலை நான் கழிக்கவில்லை.

புளிக்க வைக்காமல் காயவைத்து எரிக்கலாம் என்று அறிக்கையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. 850 கிலோ தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பம்தான் காய்ந்த 150 கிலோவை எரித்தால் கிடைக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வெயிலில் காயவைக்கலாமே என்பீர்கள். நாங்கள் செய்வது அதைத்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மணலில் விரித்த பாசி காயாது, வெளுத்து வீணாகிவிடும். உங்கள் கொதிகலன் அந்த இரண்டு மாதம் விரதமா? அதோடு, அத்தனை உப்பை அடுப்பில் போட்டால் குழாயில் படிந்து இறுகும், இரும்பை அரிக்கும். புளிக்க வைக்கும் வழியில் போனால், பாசியிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வந்து என்ஜினைக் கெடுக்கும், அதற்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும். எத்தனால் எடுக்கலாம் என்றால், எங்கள் இன்னொரு வகையான கட்டக்கோரைப் பாசியில் அதிகமுள்ள அல்ஜினேட் என்ற பசை போன்ற பொருளைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. 2012-ல் அமெரிக்காவில் மரபணு மாற்றிய பாக்டீரியாவை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். ஆய்வகத்தில் நடந்தது. பாம்பன் கரையில் ஆலையாக வந்து நிற்க அது மட்டும் போதாது.

நாடு முழுக்கச் சேர்த்தாலும் இதே கதைதான். இந்தியா முழுவதும் ஒரு வருடத்தில் எடுத்த பாசி, சில வருடங்களுக்கு முன் அரசுத் தரப்பில் சொன்ன கணக்குப்படி சுமார் 34,000 டன் ஈர எடை. பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போவது. அத்தனையையும் ஒன்று விடாமல் உங்கள் கலனில் கொட்டினால், மிஞ்சிப்போனால் 34,000 சிலிண்டர். 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை 13.5 லட்சம், குடும்பங்கள் மூன்று லட்சத்துக்கு மேல். பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கு, வருடத்துக்கு ஒரே ஒரு சிலிண்டர். அதற்காக நாட்டிலுள்ள பாசி மொத்தமும் காலி.

இயந்திரம் வைத்து அள்ளினால் செலவு குறையும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. கலிஃபோர்னியாவில் கெல்ப் என்ற பெரிய பாசியை இயந்திரப் படகால் வெட்டியது உண்மை. அது மரம் மாதிரி உயர்ந்து கடல் மட்டத்தில் படர்வது. மேலே புல் வெட்டுவதுபோல வெட்டினால் அடி மிஞ்சும், மறுபடி வளரும். முதல் உலகப்போர்க் காலத்தில் சான் டியாகோ பக்கம் ஹெர்குலிஸ் பவுடர் கம்பெனி அப்படி வெட்டிய பாசியைப் புளிக்க வைத்து, வெடிமருந்துக்குத் தேவையான அசிட்டோன் எடுத்தது. போர் முடிந்தது, ஆலையும் மூடப்பட்டது. போர் இல்லாத காலத்தில் அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், ஹோவர்ட் வில்காக்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி கடலிலேயே கெல்ப் பண்ணை போட்டு மீத்தேன் எடுக்க முயன்றார். நட்ட பாசியை அலை நிற்கவிடவில்லை. எண்ணெய் விலை இறங்கியதும் அந்தப் பேச்சும் இறங்கிவிட்டது. எக்ஸான்மொபில் 2009-ல் நுண்பாசி எண்ணெய் ஆராய்ச்சியில் இறங்கி, கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு, 2023-க்குள் ஒதுங்கிக்கொண்டது. அறிக்கையில் 'உலக அனுபவம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

எங்கள் கடலுக்கு இயந்திரம் வந்தால் பாசியோடு பவளமும் பெயர்ந்து வரும். 1986-லேயே இந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாகிவிட்டன, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். 2001-லிருந்து பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையால் பிய்க்கிற பெண்ணைத் தீவுப் பக்கம் கண்டாலே ரோந்துப் படகில் வந்து விரட்டுகிறார்கள். என் சித்தியின் பாசி மூட்டையை அவர் கண் முன்னாலேயே கடலில் கொட்டியிருக்கிறார்கள். 'பாதுகாக்கப்பட்ட பகுதி, உள்ளே வரக்கூடாது.' சரி, வரவில்லை. ஆனால் அதே இடத்துக்கு இயந்திரம் வரலாம் என்று உங்கள் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்திருக்கிறது. கையில் துணி சுற்றி வந்தால் குற்றம், ஹைட்ராலிக் கையோடு வந்தால் பசுமை எரிசக்தி.

எங்களுக்குக் கட்டுப்பாடு தெரியாது என்று நினைக்க வேண்டாம். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, இரும்புச் சுரண்டி கூடாது, மீன் முட்டையிடும் காலத்தில் நிறுத்தி வைப்பது என்றெல்லாம் பெண்களே கூடிப் பேசி வைத்த ஒழுங்கு இது. அந்த வேலைக்காகத்தான் 2015-ல் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்குச் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. அமெரிக்காவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

நீங்கள் எரிக்க நினைக்கும் பாசி இப்போது எங்கே போகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். மரிக்கொழுந்திலிருந்து அகார் எடுக்கிறார்கள். சமையல் ஜெல்லியில் அதுதான், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அதுதான். கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட். துணிக்குச் சாயம் அச்சிடவும், ஐஸ்கிரீமுக்கும், பல் மருத்துவர் அச்சு எடுக்கவும் வேண்டும். மதுரையில் இதை நம்பி ஆலைகள் இருக்கின்றன. அந்தச் சரக்குக்கே எங்களுக்குச் சரியான விலை வருவதில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்னதுதான் விலை, ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று மூடைக்கு இவ்வளவு கழிப்பதும் அவர்தான். விறகு விலைக்குப் போட்டியிட வேண்டிய சரக்காக அதை நீங்கள் மாற்றினால் எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. 'வேலைவாய்ப்பு உருவாகும்' என்று மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. வேலை ஏற்கெனவே இருக்கிறது ஐயா. கூலிதான் இல்லை.

கடலைப் பற்றி எங்களுக்கு இப்படி அழகான படம் காட்டியது இது முதல் தடவை இல்லை. நாங்கள் 'பெப்சி பாசி' என்று சொல்லும் கப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசியும் இப்படித்தான் வந்தது. மூங்கில் சட்டத்தில் கட்டி வளர்த்தால் 45 நாளில் 60 கிலோ விதை 250 கிலோ ஆகும் என்றார்கள். ஆனது, மறுக்கவில்லை. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் கயிற்றிலிருந்து அறுந்த துண்டுகள் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வைபோலப் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையால் பிடுங்கினார்கள், மறுபடி முளைத்தது. பிறகு 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. விசைப்படகின் மடி வலை கடலின் அடியை வாரிக்கொண்டு போகிறது. அனல்மின் நிலையம், இறால் பண்ணை, துறைமுகம் என்று எது வந்தாலும் இந்தக் கடலில்தான் இடம் இருக்கிறது. காலியிடம் என்று எந்தப் பலகையைப் பார்த்து முடிவு செய்கிறீர்களோ தெரியவில்லை. ஊரில் குடிதண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு முறை வருகிறது, அதற்கு ஒரு சாத்தியக்கூறு அறிக்கை கேட்டால் நிதி இல்லை.

மன்னிக்க வேண்டும். பேச்சு எங்கேயோ போய்விட்டது. கோபமாகப் பேசுவது என் நோக்கமில்லை, உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பாசியிலிருந்து எரிபொருளே எடுக்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புயலுக்கும் வாடைக்கும் கரையில் ஒதுங்கும் பாசி இருக்கிறது, அளவாக எடுக்கலாம். அகாரும் அல்ஜினேட்டும் எடுத்தபின் ஆலைகள் கொட்டும் சக்கை இருக்கிறது. அதை ஆலைக்குள்ளேயே எரிவாயுக் கலனில் போட்டு, அந்த ஆலையின் அடுப்புக்கே கொடுக்கலாம். கடலில் யாரும் இறங்க வேண்டாம், பவளம் உடையாது, கொண்டுபோக லாரிச் செலவும் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா வருகிறது என்றார்கள். முதல் சோதனையை அங்கே செய்து பாருங்கள். மண்டபத்தில் பாசியைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அறிக்கை பாதியாகச் சுருங்கியிருக்கும். வளர்க்கிற பாசியைப் பற்றிப் பேசுவதென்றால் அது தனிப் பேச்சு, அதற்குத் தனிக் கூட்டம் போடுங்கள்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். மன்னார் வளைகுடாவில் தானாக வளரும் பாசியை எரிபொருள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இயந்திர அறுவடை என்ற பகுதியை முழுவதுமாக நீக்குங்கள். வருகைப்பதிவை ஒப்புதல் என்று காட்டியதை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். கையால் பாசி எடுக்கிற பெண்களுக்கு, அவர்கள் காலங்காலமாகப் போய்வந்த இடங்களுக்குப் போகும் உரிமையை அடையாள அட்டையோடு உறுதிசெய்ய, சம்பந்தப்பட்ட துறைகளுக்கு நீங்களும் ஒரு பரிந்துரை எழுதினால் நன்றி மறக்க மாட்டோம்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் அதைப் படித்துச் சொல்லவே எனக்குப் பல இரவுகள் ஆயின. அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். போன தடவை காலை பத்து மணிக்கு வைத்ததால் பாதிப் பெண்கள் கடலில் இருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம், நாங்களே சமைத்து உங்களுக்கும் போடுகிறோம். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண்களுக்காக, அவர்களில் ஒருத்தியின் மகள்,
பாம்பன்.